எம்.எல்.ஏ. தலைமையில் நடந்த கல்யாணம்

கலியமூர்த்தியின் பேச்சு இன்னும் முதல் தேர்தலையே தாண்டவில்லை. மணமக்களை வாழ்த்திப் பேசத்தான் ஒன்றியச் செயலாளரான அவரை மைக்குக்கு அழைத்தார்கள். அவர் மணமக்களை இரண்டே வாக்கியத்தில் வாழ்த்தி முடித்துவிட்டு, "இந்தத் திருமணத்துக்குத் தலைமையேற்க வந்திருக்கும் நம் சட்டமன்ற உறுப்பினர் அண்ணன் உத்திராபதி அவர்களின் பொதுவாழ்வு இருக்கிறதே" என்று பிடித்துக்கொண்டவர், விடுவதாக இல்லை. மேடையின் நடு நாற்காலியில் உத்திராபதி உட்கார்ந்திருந்தார். கழுத்து மாலையைக் கழற்ற யாரும் வரவில்லை. தண்ணீர் தெளித்துக் கட்டிய சம்பங்கி. ஈரம் காலருக்குள் இறங்கி முதுகு வரை போய்விட்டது. மின்விசிறி பின்னால் இருந்து வீச அந்த ஈரம் சில்லென்று ஒட்டியது. எதிரே மண்டபம் நிறைய ஜனம். அதற்கும் அப்பால், வாசலில், வெயிலும் நிழலும் பாதிப் பாதியாக விழுகிற இடத்தில் காத்தையன் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பெண்ணைப் பெற்றவன். பட்டு வேட்டி அவனுக்குப் பழக்கமில்லை. இடுப்பை அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே வாயேன், நிழலுக்கு வாயேன் என்று உத்திராபதி மனசுக்குள் சொன்னார். ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பன் எங்கே தூங்குவது. தூக்கம் கெட்டால் வரும். வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றாலும் வரும். காலை மாத்திரையைப் போட்டானோ இல்லையோ. கேட்டிருக்கலாம். காரை விட்டு இறங்கியதும் ஓடி வந்து கையைப் பிடித்தானே, அப்போது காதோடு காதாகக் கேட்டிருக்கலாம். அதற்குள் பட்டாசு, மேளம், சால்வை. அவன் இன்றைக்கு மட்டும் விழக் கூடாது. இந்த ஜனத்துக்கு முன்னால், இந்தத் தரையில், கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளி... நினைப்பை மேலே போகவிடாமல் உத்திராபதி நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டார். மேடையில் கால் மேல் கால் போட்டால் படத்தில் திமிராகத் தெரியும் என்று உடனே இறக்கிக்கொண்டார்.

"சாலை மறியலிலே தடியடி பட்டு ரத்தம் சிந்தியவர் நம் அண்ணன்" என்றார் கலியமூர்த்தி. கைதட்டினார்கள். வரும் என்று தெரிந்துதான் இருந்தது. ஒவ்வொரு மேடையிலும் வருவதுதான், ஆனாலும் காத்தையன் வீட்டுக் கல்யாணத்திலாவது விட்டுவிடுவார்கள் என்று ஏனோ நினைத்திருந்தார். குறுவைச் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லி மறியல் செய்த நாள் அது. அவருக்கும் காத்தையனுக்கும் அப்போது முழுக்கக் கறுத்த மீசை. ரோட்டின் நடுவே உத்திராபதிதான் உட்கார்ந்து கோஷம் போட்டார். போலீஸ் இறங்கியதும் எல்லோரும் வயலில் குதித்து ஓடினார்கள். அவருக்கு மட்டும் வேட்டி காலில் சுற்றிக்கொண்டது. விழுந்தார். மேலே ஒரு உருவம் வந்து கவிழ்ந்தது. வியர்வை வாடை, புகையிலை வாடை, பிறகு காதுக்கு மேலே ஒரு சத்தம். தேங்காயைக் கல்லில் இறக்கியது போல, அவர் தலையில் அல்ல, அவருக்கு மேலே கவிழ்ந்திருந்த தலையில். அவர் சட்டையெல்லாம் ரத்தமாகிவிட்டது. அந்தச் சட்டையோடுதான் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். ரத்தம் யாருடையது என்று படத்தில் எப்படித் தெரியும். காத்தையனை அதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். முதல் தேர்தலில் அந்தப் படம்தான் சுவரொட்டி. தடியடி கண்ட தியாகி. சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே வாயைத் திறந்தார், உண்மையாகவே திறந்தார். காத்தையன்தான், "இருக்கட்டும் விடுய்யா, ஓட்டு விழுதுல்ல? என் மண்டை உடைஞ்சது நாலு பேருக்குத் தெரியாம இருக்கறதே எனக்கு நல்லது" என்றான். அவனுக்கு ஏன் நல்லது என்று அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அவர்களை விட்டால் அவன் மனைவி செண்பகவல்லிக்குத் தெரியும். அப்படியே விட்டாயிற்று. ஒரு பொய்யைத் திருத்தாமல் இருப்பதுகூட நட்பின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் சில சமயம் அவருக்கே காதுக்கு மேலே வலித்திருக்கிறது. தொட்டுப் பார்ப்பார். வழவழவென்று, ஒரு தழும்பும் இல்லாமல்.

தாலித் தட்டு கீழே சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூசிய தேங்காய் மேல் தாலியை வைத்து, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவரும் தொட்டுத் தொட்டு அடுத்தவரிடம் நகர்த்தினார்கள். பகுத்தறிவுத் திருமணம் என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தாலும் நல்ல நேரம் போவதற்குள் தாலி ஏறிவிட வேண்டும் என்று இரண்டு வீட்டுப் பெண்களும் சொல்லி வைத்திருந்தார்கள். தட்டு ஒரு சுற்று வந்து மேடைக்கு ஏறியதும் உத்திராபதி எழுந்து, தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். எத்தனை கல்யாணத்தில் கொடுத்திருக்கிறார். பெயர்கூடத் தெரியாத பையன்களின் கையில், மைக்காரர் காதில் சொன்ன பெயரை அப்படியே திருப்பிச் சொல்லி, கொடுத்துவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போயிருக்கிறார். இங்கே பெண்ணின் பெயரை அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எழிலரசி. பெயர் வைத்ததே அவர்தான். தொட்டிலில் கிடந்தவளின் வாயில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்து, காதில் மூன்று முறை சொன்னார். இப்போது பக்கவாட்டில், மாப்பிள்ளைக்கு அருகே, பச்சைப் பட்டில் தலை குனியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு படித்தவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்கள். இவளுக்கு இப்போதுதான். ஏன் இப்போதுதான் என்று இந்த மண்டபத்தில் ஒருவருக்குச் சரியாகத் தெரியும்.

அவ்வளவுதான். அந்த வார்த்தைதான். அன்றைக்குத் தான் சொன்னதில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் அந்த 'அவ்வளவுதான்' மறக்க மாட்டேன் என்கிறது. முதல் தேர்தலுக்கு முன்னால், சென்னையில் கட்சி அலுவலகத்தில் வேட்பாளர் நேர்காணல். காத்தையனும் அவரும் ஒரே ரயிலில்தான் போனார்கள். செண்பகவல்லி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை ஒரே பொட்டலத்தில் இருந்து தின்றார்கள். "உனக்குக் கிடைச்சா நான் ஏஜெண்டு, எனக்குக் கிடைச்சா நீ ஏஜெண்டு" என்று காத்தையன் சிரித்தான். எல்லோரையும் மொத்தமாகக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிய பிறகு, தலைவர் அவரை மட்டும் மறுபடி உள்ளே கூப்பிட்டார். பக்கத்தில் மாவட்டச் செயலாளர் நின்றார். மாவட்டம் என்றே எல்லோரும் சொல்கிற பழைய ஆள், இப்போது உயிரோடு இல்லை. "உனக்கு இல்லைன்னா யாருக்குக் கொடுக்கலாம்?" என்று தலைவர் கேட்டார். "காத்தையனுக்குங்க" என்றார் உத்திராபதி. யோசிக்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும். அந்த ஒரு பதிலோடு அறையை விட்டு வெளியே வந்திருந்தால். "நானும் அவனைத்தான் நெனச்சேன்" என்றார் தலைவர். "ஏதாச்சும் குறை உண்டா?" அப்போதுதான் வாய் அதுவாகவே பேசியது. "குறைன்னு ஒண்ணும் இல்லீங்க. வலிப்பு வரும். அவ்வளவுதான்." எந்தக் குரலில் சொன்னார்? இரக்கமாகவா? வெயிலில் ஊர் ஊராக அலைந்தால் விழுந்துவிடுவானே என்ற கவலையிலா? சில நாள் அப்படித்தான் ஞாபகம் வரும், நண்பன் உடம்புக்காகப் பயந்தவனின் குரலாக. வேறு சில நாள், முக்கியமாகச் சவரம் செய்துகொள்ளும்போது, கண்ணாடியில் அந்த வாயே தெரியும். 'அவ்வளவுதான்' என்று ஒரு சின்ன விஷயம் போல முடித்து, அந்தச் சின்ன விஷயம் எங்கே போய் விழுகிறது என்று தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது தெரியும். எப்படி வந்த வலிப்பு என்று சொல்லவில்லை. யாருக்காக வந்தது என்று சொல்லவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் இன்னொரு நாள் உண்மையைச் சொல்லிச் சரிக்கட்டியிருக்கலாம். மாவட்டம் உதட்டைப் பிதுக்கினார். தலைவர் மேஜையில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். வெளியே வந்தால் வராந்தாவில் காத்தையன் இரண்டு கையிலும் இரண்டு டீயோடு நிற்கிறான். "என்னய்யா கேட்டாரு?" "உன்னைப் பத்தித்தான்." "என்ன சொன்ன?" "நல்லாத்தான் சொன்னேன்." டீ ஆறிப் போயிருந்தது. அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"எதிர்க்கட்சி டெபாசிட்டையே பறிகொடுக்க வைத்த முதல் வெற்றி" என்று கலியமூர்த்தி முழங்கினார். டெபாசிட் போகவில்லை, நூலிழையில்தான் ஜெயித்தார். ஆனால் அந்த நூல் காத்தையன் திரித்தது. வேட்பாளர் அறிவிப்பு வந்த அன்று முதல் ஆளாக மாலையோடு வீட்டுக்கு வந்தவன் அவன்தான். அவருக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாலைக்குக் குனிகிற சாக்கில் குனிந்தார், குனிந்தபடியே இருந்தார். சித்திரை வெயிலில் அவன் அலைந்தான். எந்த வெயிலைத் தாங்க மாட்டான் என்று அவனுக்குச் சீட்டு போனதோ அதே வெயிலில் அவருக்காக, சைக்கிளில், சாலை இல்லாத ஆற்றுத் திட்டுகளுக்கெல்லாம். ஒரு முறைகூட விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு மத்தியானம் அவருக்குத் தோன்றியது. விழுந்தால், நாம் சொன்னது சரிதான் என்று ஆகிவிடுமே. அப்படித் தோன்றியதை நினைத்து ஜீப்பை நிறுத்தச் சொல்லி, வாய்க்கால் ஓரம் இறங்கி நின்று வாந்தி எடுத்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கூட இருந்தவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டாவது தேர்தலில் தோற்றார். கலியமூர்த்தி அதைச் "சூழ்ச்சி" என்ற ஒரே சொல்லில் கடந்தார். வாக்கு எண்ணும் இடத்துக்கு வெளியே ரோட்டோரம் உட்கார்ந்து காத்தையன் அழுதான். பக்கத்தில் நின்ற உத்திராபதிக்கோ உடம்பெல்லாம் லேசாகிப் போனது. தீர்ந்தது, இனி இரண்டு பேரும் ஒன்றுதான், இவனும் எம்.எல்.ஏ. இல்லை, நானும் இல்லை. அந்த ஐந்து வருஷமும் நன்றாகத் தூங்கினார். காத்தையன் வீட்டுத் தின்பண்டம் தொண்டையில் அடைக்காமல் இறங்கியது. அடுத்த தேர்தலுக்கு மறுபடி நேர்காணல் என்றதும், இந்த முறை நானே போய்ச் சொல்லிவிடுவேன், காத்தையனுக்குக் கொடுங்கள், அந்த வலிப்பு என் மேல் விழ வேண்டிய அடியால் வந்தது என்று சொல்லிவிடுவேன் என்று ரயிலில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தார். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. தலைவர் அவரைப் பார்த்ததும், "இந்தத் தடவை நீதான், போய் வேலையைப் பாரு" என்றார். வாக்கியம் அப்படியே உள்ளே நின்றுவிட்டது. "நன்றிங்க" என்ற வார்த்தைதான் வெளியே வந்தது. முதல் தடவை வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்வது. ஜெயித்தார். இப்போது நடப்பது அந்தப் பதவிக்காலம்தான்.

ஆனால் அறைக்குள் சொன்ன வார்த்தை அறைக்குள்ளேயே இருக்கவில்லை. மாவட்டம் வாயில் எதுவும் தங்காது. எழிலரசிக்கு முதல் வரன் நிச்சயம் வரை வந்து நின்று போனது. காத்தையன் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வந்து, மனுக் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் போகிற வரை ஓரமாக உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்: "எனக்கு வலிப்பு இருக்குன்னு அவங்களுக்கு யாரோ சொல்லிட்டாங்கய்யா. பரம்பரையா வருமாம், பொண்ணுக்கும் வருமாம். யாருய்யா சொல்லியிருப்பா? உனக்கும் எனக்கும் அவளுக்கும் தவிர டாக்டருக்குத்தானே தெரியும்?" உத்திராபதி மேஜையில் கிடந்த பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "டாக்டரா இருக்கலாம்" என்றார். காத்தையன் டாக்டரை மாற்றினான். இத்தனை காலம் பார்த்து வந்த அந்த நல்ல மனிதர், உத்திராபதியைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க காத்தையன் ஏன் என்கிட்ட வர்றதில்லை, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்பார். இரண்டாவது வரனும் அப்படியே நின்றது. அப்போது செண்பகவல்லி மட்டும் வந்தாள். "அண்ணே, நீங்க சொன்னா கேட்பாங்க, ஒரு வார்த்தை பேசிப் பாருங்கண்ணே" என்றாள். பேசுகிறேன் என்றார். பேசவில்லை. எப்படிப் பேசுவது, பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று தெரியாதே. அவள் இன்றைக்கும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். திட்டிவிட்டால் தேவலை.

"ஐயா." பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா அவர் பக்கம் சாய்ந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், மாசிலாமணி, கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறவர். "தப்பா எடுத்துக்கப்படாது. இப்பத்தான் பந்தியில யாரோ எங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணு சொல்லியிருக்காங்க. சம்பந்திக்கு வலிப்பு உண்டாமே. உங்க பழைய மாவட்டமே சொல்லுவாராம். அவ அங்க உட்கார்ந்து அழுதுகிட்டிருக்கா." உத்திராபதி திரும்பிப் பார்த்தார். முதல் வரிசையின் ஓரத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மேடையையே பார்த்தாள். தாலித் தட்டு நான்காவது வரிசையில் இருந்தது. "நான் அதையெல்லாம் பெரிசா நினைக்கிற ஆளில்லீங்க" என்றார் மாசிலாமணி. "ஆனா அவ கேக்கமாட்டேங்கிறா. நீங்க அவரோட சின்ன வயசிலேருந்து இருக்கவங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போய் எம்.எல்.ஏ.வே சொல்லிட்டாருன்னு சொல்லிடறேன். முடிஞ்சு போச்சு."

இல்லை. எவ்வளவு சின்ன வார்த்தை. சட்டசபையில், ஊர்க்கூட்டத்தில், நிருபர்களிடம், எத்தனை முறை சொல்லியிருக்கிறார், கண்ணைச் சிமிட்டாமல். சொன்னால் இந்தக் கல்யாணம் நடந்துவிடும். பிறகு? தீபாவளிக்குப் பெண்ணைப் பார்க்கப் போன இடத்தில் காத்தையன் ஒரு நாள் கூடத்தில் விழுவான். ஏமாற்றிக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று எழிலரசியைச் சொல்லுவார்கள். ஒரு வார்த்தையால் இரண்டு தடவை கெடுத்த பெண்ணை மூன்றாவது தடவையும் அதே வாய் கெடுக்கும். இல்லையென்று சொல்லாவிட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் ஆமாம் என்றால், அது அன்றைக்குச் சொன்ன அதே 'அவ்வளவுதான்'. கலியமூர்த்தி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தட்டு ஐந்தாவது வரிசைக்குப் போயிற்று. வாசலில் காத்தையன் யாரோ ஒரு கிழவருக்குச் செருப்பைக் கழற்ற உதவிக்கொண்டிருந்தான். "உண்டுங்க" என்றார் உத்திராபதி. மாசிலாமணி நிமிர்ந்தார். "உண்டு. ஆனா பிறவியில வந்ததில்லை. அவங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது. தலையில அடிபட்டு வந்தது. மறியல்ல போலீஸ் அடிச்சது." மாசிலாமணி மைக்கின் பக்கம் கையைக் காட்டினார். "அடிபட்டது நீங்கன்னுல்ல இப்பச் சொன்னாரு?" "அது மேடைப் பேச்சு" என்றார் உத்திராபதி. "என் மேல விழுந்திருக்க வேண்டிய அடி. அவன் என் மேல படுத்து வாங்கிக்கிட்டான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை."

சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் எந்த மேடையிலும் சொல்லாததை, சம்பங்கி வாடைக்கு நடுவே, ஒரு பட்டுக்கோட்டைக்காரர் காதில். மாசிலாமணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தார். இந்தப் பார்வைக்குப் பிறகு இவர் எனக்கு ஓட்டுப் போட மாட்டார் என்று நினைத்தார் உத்திராபதி. இவர் தொகுதி வேறு என்பது அடுத்த நொடியில் நினைவு வந்தது. இந்த நேரத்திலும் அதை நினைக்கிறோமே என்று கூசினார். "அப்ப இதை இப்படி அரைகுறையா ஊர்ல கிளப்பி விட்டவன் எவன்?" என்று மாசிலாமணி கேட்டார். "அடிபட்டதைச் சொல்லாம வலிப்பை மட்டும் சொன்னவன்? பொண்ணைப் பெத்தவன் வயித்துல அடிக்கிற வேலைங்க இது. உங்களுக்குத் தெரியாம இருக்காது." இதோ, கதவு திறந்தே கிடக்கிறது. நான்தான் என்று சொல்ல வேண்டும். அதைவிடச் சின்ன வாக்கியம் தமிழில் கிடையாது. உதடு பிரிந்தது. "தெரியலீங்க" என்றார். மாசிலாமணி அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "உங்க பேரைக் குறைச்சுக்கிட்டு உண்மையைச் சொன்னீங்க பாருங்க. இப்படி ஒரு சிநேகிதன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கி மனைவியிடம் போனார். உத்திராபதி அழுத்தப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். மாசிலாமணி குனிந்து பேசினார். அந்த அம்மாள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா, முடியாது என்றா, இங்கிருந்து தெரியவில்லை. பேசினார், இன்னும் பேசினார், வாசல் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். அந்த அம்மாள் திரும்பி, கிழவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்து வந்துகொண்டிருந்த காத்தையனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றி முடிந்து மேடைக்குத் திரும்பும் வழியில் தன் முன்னால் வந்த தாலித் தட்டை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நடந்துவிடும். உத்திராபதிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது. மூச்சு வந்த வழியிலேயே இன்னொன்றும் வந்தது. பாதி சொல்லி ஒரு பெண்ணைக் கெடுத்தோம், இப்போது மறு பாதியைச் சொல்லி நல்லவனாகிவிட்டோம். அந்த இரண்டு பாதியையும் இணைக்கிற 'நான்தான்' என்ற ஆணி இன்னும் நம் தொண்டையில்தான். கலியமூர்த்தி, "இப்போது அண்ணன் அவர்கள் தாலியை எடுத்துக் கொடுத்துத் திருமணத்தை நடத்தி வைப்பார்கள்" என்றதும் மேளக்காரர்கள் குச்சியை எடுத்தார்கள். தட்டு வந்துவிட்டது. எழுந்தார். எழிலரசி நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். பெயர் வைத்த பெரியப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. தட்டுக்கு மேலே நீண்ட கை தாலியைத் தொடவில்லை. தொட முடியாது என்று கைக்கு முதலில் தெரிந்தது, பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மேளக்காரர் அவர் கையையே பார்த்துக் குச்சியைத் தூக்கியபடி நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நிற்க முடியும். மைக்கை வாங்கினார். "இந்தத் தாலியை நான் எடுத்துக் கொடுக்கறது முறையில்லை" என்றார். அடுத்த வாக்கியம் வாயில் உருண்டது, எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று. காத்தையன் கீழே நின்று, வாயைப் பாதி திறந்து, ஏதாவது குறை நடந்துவிட்டதோ என்கிற பயத்தோடு அவரைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல முடியவில்லை. "பெத்தவங்க இருக்காங்க" என்றார். "அவங்க எடுத்துக் கொடுக்கட்டும். காத்தையா, தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு மேல வா."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மண்டபமே கை தட்டியது. கலியமூர்த்தி மைக்கைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, "பார்த்தீர்களா, பார்த்தீர்களா, பதவி வந்த பிறகும் பக்கத்தில் இருப்பவனை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னே நிற்கிற பெருந்தன்மையை" என்றார். காத்தையன் படி ஏறி வந்தான். செண்பகவல்லி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். இருவர் கையும் சேர்ந்து தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தன. மேளம் கொட்டியது. எல்லோரும் பூவை எறிந்தார்கள். உத்திராபதி ஓரமாக நகர்ந்து நின்றார். முடிச்சு விழுந்ததும் காத்தையன் அவரிடம்தான் வந்தான், சம்பந்தியிடம் போகவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். "படி ஏறறப்பவே மாசிலாமணி சொன்னாருய்யா" என்றான். "நீ இன்னிக்கு வாயைத் திறந்து சொல்லலைன்னா இதுவும் நின்னிருக்கும். உன் பேரு என்னாகும்னுகூடப் பார்க்கலியே நீ." அவன் கை உத்திராபதியின் முழங்கைக்கு மேலே இறுகியது. புகையிலை வாடை அடித்தது. "காத்தையா" என்றார் உத்திராபதி. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா." "என்ன வேணும்னாலும் சொல்லு" என்றான் காத்தையன். "எனக்கு உன்மேல என்ன இருக்கு, சொல்லு." அதற்குள் கீழே யாரோ அவர் பெயரைச் சொல்லி வாழ்க என்று ஆரம்பித்தார்கள், மண்டபம் பிடித்துக்கொண்டது. படக்காரர் முன் வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து, "எம்.எல்.ஏ. சார், அப்படியே, பொண்ணோட அப்பாவும் சேர்ந்து" என்றார். உத்திராபதி திரும்பினார். காத்தையன் இன்னும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லப் போவதற்காகக் காத்திருந்தான். வெளிச்சம் ஒரு தரம் பளிச்சிட்டு அணைந்தபோதுதான் உத்திராபதி தன் கைகளைப் பார்த்தார். அவை அவரைக் கேட்காமலே எழுந்து, நெஞ்சுக்கு நேரே, படத்தில் முகத்தை மறைக்காத உயரத்தில், ஜனங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தன.